அரைப் பேர்

"தலைவர் படத்துக்கு மாலை போடுற தகுதி அவளுக்கு இல்ல!"

மீனம்மா போட்ட சத்தத்தில் கோயில் வாசலில் கூடியிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாய்க்கு மட்டும் எந்தத் தராசும் தாங்காது.

வட்டகொடைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் தலைவர் செல்லசாமி இறந்து அன்றோடு ஒரு வருடம். அன்றே மாதர் தலைவியைத் தெரிவு செய்து, அவள் கையாலேயே படத்துக்கு மாலை போடுவதாக ஏற்பாடு. எல்லார் வாயிலும் ஜெயந்தினியின் பெயர்தான்.

"ஏன்க்கா அப்படிச் சொல்றீங்க?" என்றாள் கூடவே கொழுந்து எடுக்கும் தனுஜா.

"பின்ன? பதினெட்டு கிலோ கொழுந்து இல்லன்னா அரைப் பேரு, அரைச் சம்பளம்னு நிர்வாகம் சொன்னப்ப, நம்ம தோட்டத்துல ஒருத்திக்கும் அரைப் பேரு விழக்கூடாதுன்னு தொண்ட கிழியச் சொன்னாரு தலைவரு. இவ இருபத்தஞ்சு எடுத்தவ. அவரு கண்ண மூடினதும் கை தூங்கிருச்சு. போன கிழம மட்டும் ரெண்டு அரைப் பேரு! எனக்கு அம்பத்தெட்டு வயசு, கண்ணுல பூ விழுந்திருக்கு. ஒரு நாள் வாங்கியிருக்கேனா?"

எல்லோரும் ஜெயந்தினியைப் பார்த்தார்கள்.

"அக்கா சொல்றது சரிதான். அவங்களே தலைவியா இருக்கட்டும்," என்றாள் அவள்.

மீனம்மாவே தலைவியானாள். மாலையையும் அவளே போட்டாள்.

மறுநாள் மலையில், தேத்தண்ணி நேரம். கொழுந்துச் சாக்குகளைப் பாதையோரம் வைத்துவிட்டு எல்லாரும் கீழே இறங்கியிருந்தார்கள். தூறல் விழவே, தலைக்குப் போடும் கம்பளியை எடுக்க மீனம்மா மட்டும் திரும்பி வந்தாள்.

பேச்சுக்குரல் கேட்டுத் தேயிலைக்குப் பின்னால் நின்றாள். கீழே இறங்காமல் பின்தங்கிய ஜெயந்தினி தன் சாக்கிலிருந்து கொழுந்தை அள்ளி அள்ளி மீனம்மாவின் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு என்ன பைத்தியமாக்கா?" தனுஜாவுக்குக் கோபம் தாங்கவில்லை. "அத்தன பேரு முன்னால உங்க மானத்த வாங்குனவங்க. நேத்தே உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?"

"மெதுவாப் பேசு. தெரிஞ்சா அக்கா உடைஞ்சு போயிருவாங்க. தலைவரு தான் எடுத்த கொழுந்த நாலு வருஷமா அவங்க சாக்குல போட்டாரு. ஒரு நாளாவது வாயத் தொறந்தாரா?"

"தலைவரா?"

"அவரு செத்த பிறகு நாம மறுபடி வேலைக்கு வந்த அன்னைக்கு, அக்கா சாக்கு பாதிகூட நிறையல. அதுவர தலைவருதான் போட்டு நிரப்புனாருன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. நாந்தான் என் கொழுந்துன்னு சொல்லாம அதுல போட்டேன். அன்னையில இருந்து போடுறேன்."

மீனம்மா கம்பளியை எடுக்காமலே திரும்பி நடந்தாள். அவர்கள் இறங்கி வந்ததும், தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு முதல் ஆளாக மலை ஏறினாள். அன்று முழுக்க யாரையும் ஏசவில்லை.

சாயங்காலம் கணக்கப்பிள்ளை தராசு போட்டார்.

"ஜெயந்தினி, இருபத்து மூணு!"

ஜெயந்தினி திடுக்கிட்டாள். பதினேழு தாண்டாது என்றுதான் நினைத்திருந்தாள்.

"மீனம்மா..." கணக்கப்பிள்ளை முள்ளை இன்னொரு தடவை பார்த்தார். "பன்னெண்டு. அரைப் பேரும்மா."

பெண்கள் கூட்டத்தில் ஒரே முணுமுணுப்பு.

"ஐயா, தராசு பிழையா இருக்கும்," என்று ஜெயந்தினி பதறிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தராசு சரியாத்தான் இருக்கு. எழுதுங்க ஐயா," என்றாள் மீனம்மா.

ஜெயந்தினியின் கண் நிறைந்துவிட்டது. "ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க? அரைப் பேரு விழக்கூடாதுன்னு தலைவரு..."

மீனம்மா அவள் கையை எட்டிப் பிடித்தாள்.

"இன்னைக்கு மட்டும் இருக்கட்டும்டி. என்னோட அளவு எனக்கும் தெரியணும்ல? நாளையில இருந்து எல்லாரும் பார்க்க, என் முன்னாலயே போடு. வாங்கிக்கிறேன்."