மருந்து அடிக்க ஒரு நாள்

செருப்பை கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றாள் பரிபூரணம். நாற்காலியில் காலை நீட்டிச் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த சௌந்தரபாண்டியன் நிமிரவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"சார், அந்தக் கரையான் விஷயமா…"

"திரும்பவுமா?"

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறவள் அவள். அரை நாள் வேலையை விட்டுவிட்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி வந்திருந்தாள். ஆறு மாதத்தில் இது ஐந்தாவது நடை. போன தடவை, மருந்து வாடை பிள்ளைகளுக்கு ஆகாது என்றார். அதற்கு முந்தின தடவை ஆடி போகட்டும் என்றார். ஆடியும் போய்விட்டது.

"பின்வாசல் நிலை பூரா மண்ணு ஏறிப்போச்சாம் சார். நேத்து பக்கத்து வீட்டு ஈஸ்வரி போன் போட்டுச் சொன்னா. உத்தரத்துக்குப் போயிருச்சுன்னா வீடு நிக்காது."

"பழைய வீடுன்னா பூச்சி பொட்டு இருக்கத்தான் செய்யும்."

"மருந்து அடிக்கிற மலைச்சாமிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு வாரேன்னிருக்கான். சுவரோரமா ஓட்டை போட்டு மருந்தை இறக்கிட்டா அஞ்சு வருசத்துக்குக் கவலை இல்லையாம்."

இப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "ஓட்டையா? யாரைக் கேட்டு ஆளுக்குச் சொன்னீங்க?"

"கேக்கத்தான் சார் வந்திருக்கேன்."

"தரையெல்லாம் பாழாப் போகும். ஒத்துவராது."

"செலவு பூரா என்னோடது. நீங்க ஒத்தப் பைசா தர வேண்டாம். நாளைக்கு ஒரு நாள் மட்டும் சரின்னு சொல்லுங்க."

அவர் மறுபடி செல்போனுக்குள் போய்விட்டார்.

அவளும் ஐயாதுரையும் பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்திய வீடு அது. அவன் கண்ணை மூடியதும் அங்கேதான். எந்த நிலை வேம்பு, எந்த உத்தரம் தேக்கு என்று இருட்டில் தடவியே சொல்லிவிடுவாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் ஒரு வக்கீலையும் பார்த்தாயிற்று. "கேஸ் போடலாம்மா. தீர்ப்பு வாரதுக்குள்ள வீடு இருக்குமான்னுதான் தெரியலை" என்றார் அவர். சௌந்தரபாண்டியனோ இடம் வாங்கி விற்கும் புரோக்கர். கோர்ட்டும் ஸ்டேஷனும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

"கும்பிட்டுக் கேக்கேன் சார். ஐப்பசி மழை பிடிச்சா தாங்காது. அதை விட்டா எனக்கு வேற கதி கிடையாது."

கையைக் கூப்பும்போதே குரல் உடைந்துவிட்டது. தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு நடந்தார்.

சௌந்தரபாண்டியன் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தார். இத்தனை நடையில் முதல் தடவையாக அவர் பேச்சில் கனிவு வந்தது.

"அழாதீங்க. மருந்து, ஆளு, அலைச்சல்னு எதுக்கு உங்களுக்கு இம்புட்டுப் பாடு? கரையான் மரத்தைத்தான் தின்னும், மனையைத் தின்னுராது. நான் ஒரு வழி சொல்றேன்."

பரிபூரணம் சட்டென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மலைச்சாமியைக் காலையிலேயே வரச் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஓடியது.

"குடியிருக்கிற எனக்கே எழுதிக் குடுத்துருங்க, வீட்டுக்காரம்மா."