நகரத்துக்குள் நகரம்

“எவனோ ஒரு கள்ளன் இந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறான். ஆள் மட்டும் என்ரை கையில அம்பிடட்டும்!”

ஞானேஸ்வரன் கத்தின கத்தலில் வெம்பிளிக் கடையே அதிர்ந்தது.

சீனாவுக்கு அனுப்பிய பெட்டி மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது. உள்ளே, கடைக்கு மேல் அறையில் வாடகைக்கு இருந்த சீனப் பெடியன் லின்னின் சாம்பலும் உடுப்பும். 2008 மார்கழியில் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தவன்.

“இஞ்சாருங்கோ, தராசைப் பாருங்கோ,” என்றாள் மனைவி ஜெயகௌரி. “முதல் அனுப்பேக்கை ஆறு கிலோ. போன முறை எட்டு. இப்ப பதினொண்டு.”

“சாம்பல் வளருமே?”

“பகிடி விடாதேங்கோ. பின்னேரமானால் மேல நடக்கிற சத்தம். மூண்டு பேர் வாடகைக்கு வந்திச்சினம், ஒருத்தரும் ஒரு கிழமை தங்கேல்லை. அந்தப் பிள்ளை தாயிட்டைப் போய்ச் சேராமல் இது அடங்காது.”

ஞானேஸ்வரனுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருந்தது.

முதல் இரண்டு முறையும் பிரித்துப் பாராமலே திருப்பி அனுப்பினவர், இம்முறை பக்கத்துச் சீனச் சாப்பாட்டுக் கடை மெய்லிங்கையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கயிற்றை அறுத்தார்.

மூடியைத் திறந்ததும் ஊதுபத்தி மணம். சாம்பல் வைத்த தகரப் பேணி அப்படியே. உடுப்பிலும் ஒன்றும் குறையவில்லை. சுற்றிவர அவர் வைக்காத சாமான்கள்: அரிசி, ஒரு சால்வை, மூன்று சோடி துணிச் சப்பாத்து.

“கள்ளன் எடுப்பான். வைப்பானோ?” என்றாள் ஜெயகௌரி.

சப்பாத்துகளுக்குள் சோடிக்கு ஒரு கடிதத் துண்டு. மெய்லிங் முதல் இரண்டையும் வாசித்து இங்கிலிசில் சொன்னாள்.

“வேற வேற ஊர்க்காரர் எழுதியிருக்கினம், அங்கிள். ‘இவர் எங்கள் பிள்ளை இல்லை. வழி நீளம், கால் நோகும். இதைப் போட்டு நடக்கட்டும்.’”

“ஃபூசோ நகரம் எண்டு வடிவாப் போட்டனானே! ஒரு நகரத்துக்குள்ள ஆளைத் தேடேலாதோ?”

“அங்க நகரம் எண்டால் ஒரு பெரிய பிரதேசம். ஃபூசோ நகரத்துக்குக் கீழ மாவட்டங்களும் இருக்கு, சின்ன நகரங்களும் இருக்கு. அதுக்குக் கீழ பட்டணம். பட்டணத்துக்குள்ள ஊர். ஊர்ப் பேர் இல்லாட்டி எங்க போறது? லின் எழுதித் தரேல்லையோ?”

ஞானேஸ்வரன் மேசை லாச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

எழுதித் தந்திருந்தான். வாடகைக் கடதாசியில் ஐந்து வரி. பெட்டியிலும் அதைப் படியெடுத்து ஒட்டித்தான், பெட்டி அனுப்பும் ஏஜென்டிடம் கொண்டுபோனார். ஊருக்குள் போகக் கூடுதல் காசு என்று ஏஜென்ட் சொன்னதும் அரை மணித்தியாலம் மல்லுக்கட்டு. “நகரத்துக்குள்ள இன்னொரு நகரமோ? ஆருக்கடா சுத்துறாய்?” கீழ் மூன்று வரியையும் அங்கேயே பேனையால் கிறுக்கி அழித்து, நகர விலைக்கு அனுப்பிவிட்டு வந்தார்.

அந்த வாடகைக் கடதாசி இப்பவும் லாச்சிக்குள் கிடந்தது.

மேலே காலடிச் சத்தம் தொடங்கியது. தலைக்கு நேர் மேல் வந்து, நின்றது. கேட்டுக்கொண்டு நிற்பதைப் போல.

“மற்றத் துண்டில என்ன, பிள்ளை?” ஜெயகௌரி மெதுவாகக் கேட்டாள்.

மெய்லிங் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வாசித்தாள்.

“‘இந்த விலாசத்தில் மூன்று வரியை ஆரோ அழித்திருக்கிறார். இவர் வீடு அதற்குள்தான் இருக்கிறது. அழித்தவரே, இனியாவது அதை எழுதி அனுப்பும். பிள்ளை வீட்டுக்குப் போகட்டும்.’”