பீரங்கிக்கு ஒரு பூத்தையல்

"ஏம்மா சோலோமியா, இது பீரங்கியா, கல்யாணச் சட்டையா?"

உஸ்திம் கேட்டதும் சோலோமியா ஸ்ப்ரே டப்பாவோடு இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். பச்சை, பழுப்பு, கறுப்பு என்று சின்னச் சின்னச் சதுரங்கள். பொல்தாவா நகரக் கடைத்தெருவில் சட்டைகளுக்குக் கட்டம் எண்ணிப் பூத்தையல் போட்டே பழகிய கை அவளுடையது. குழாயின் இந்தப் பக்கம் இருந்த அதே டிசைன் அந்தப் பக்கமும் இருந்தது. நடுவில் எட்டு முனை நட்சத்திரம் வேறு.

"அய்யோ அண்ணே, கை பாட்டுக்குப் போட்டுடுச்சு."

"காட்டுல எந்த மரம்மா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளருது? மேல ட்ரோன் விட்டுப் பாக்கிறவன் என்ன மடையனா?"

சோலோமியாவின் முகம் சுருங்கிப்போனது. அவள் கணவன் நஸார் போர்முனையில் பீரங்கிப் படையில் இருந்தான்.

"அவனுக்குத் துளி சந்தேகம் வந்தாலும் போச்சு அண்ணே. அங்க அஞ்சு பேர் உசுரு."

"தெரியுதில்ல? அழி. மறுபடி போடு."

கார் பெயின்ட் அடித்தே வயதான உஸ்திம், வைத்து அடிப்பதற்கு அச்சு அட்டையைத் தாறுமாறாக வெட்டிக் கொடுத்தார். அவள் சதுரங்களை ஒன்றோடு ஒன்று முட்டி மோத வைத்தாள். ஒழுங்கில்லாமல் போடுவது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

"புருஷனுக்குச் சமைக்கும்போதாவது இவ்வளவு அக்கறை காட்டியிருக்கியா?"

"என் சூப்பு அவருக்குப் பிடிக்காது. உசுரோட வந்து குறை சொல்லட்டும்."

மறுநாள் பீரங்கியை வலை போர்த்தி லாரியில் அனுப்பினார்கள். அந்த வாரக் கடைசியில் நஸார் போனில் பேசினான்.

"சோலோமியா, நீ பெயின்ட் அடிச்ச பீரங்கியைக் கண்டுபிடிச்சு அடிச்சிட்டானுங்க. தூள் தூளாயிடுச்சு."

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "உங்க அஞ்சு பேருக்கும்?"

"ஒரு கீறல் இல்ல."

"எதால அடிச்சான்?"

"ரெண்டு பெரிய ஏவுகணை. எங்க பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

சோலோமியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

"நம்பிட்டான்" என்ற உஸ்திம், பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பீரங்கி செய்வதற்குப் பிளைவுட்டும் சாக்கடைக் குழாயும் எடுத்துவரக் கிளம்பினார்.