லூர்தையனின் எஞ்சின் சத்தம்

கடலடியில் எண்ணெய் தேடி ஆய்வுக் கப்பல்கள் எடுத்த பழைய அதிர்வுப் பதிவுகளைச் சீர்செய்து, நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கும் தூத்துக்குடி அலுவலகத்தில் பிளாசிடா வேலை பார்த்தாள். அவற்றில் புதைந்த எந்த ஒலியையும் புதிய கருவி மீட்டுவிடும். 2031ஆம் ஆண்டுப் பதிவொன்றில் படகு எஞ்சின் சத்தம் கேட்டது. அவள் தேதியைப் பார்த்தாள். அன்றுதான் மீன்பிடிக்கப் போன அவள் அண்ணன் லூர்தையன் ஆய்வுக் கப்பலில் மோதி இறந்தான். படகில் தூங்கிவிட்டான் என்றது விசாரணை அறிக்கை.

ஆனால் பதிவில் எஞ்சின் சீறித் திசை மாறியது. கப்பல்தான் திசை மாறாமல் நேரே வந்தது.

"அந்த இரைச்சல அழிச்சிட்டு அனுப்பும்மா" என்றார் மேலாளர்.

"அது எங்கண்ணன் சார். அழிக்க மாட்டேன்."

வெளியே வந்து அண்ணன் மனைவிக்குப் போன் செய்தாள். "மதினி, அண்ணன் தூங்கல. படகத் திருப்பியிருக்கான்."



"பிள்ளைகளக் கூப்பிடுதேன்" என்றாள் மதினி. "அவுககிட்டயும் சொல்லு."