நெருப்பு வாங்க வந்தவள்

மாலின் கண்விழித்தபோது அடுப்பில் ஒரு கங்குகூட மிச்சமில்லை. ஸ்வீடனிலிருந்து கப்பலேறி டெலவேர் ஆற்றங்கரைக்கு வந்தபின் அவளுக்கு அது இரண்டாவது குளிர்காலம். கணவன் கோட்டைக்கு மரம் வெட்டப் போயிருந்தான். கைக்குழந்தை தொட்டிலில் தூங்கியது. கதவை வெளியே தாழிட்டுவிட்டு, இரும்புச் சட்டியோடு பனியில் கால் புதையப் புதையப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்த கெர்த்ரூத் சிரித்தாள். "ஏண்டி, அதுக்குள்ள மறுபடியும் அணைய விட்டுட்டியா?"

"மறுபடியுமா? இப்பதானேக்கா வரேன்!"

"நல்லா இருக்கே கதை! விடிஞ்சும் விடியாம வந்து கங்கு வாங்கிட்டுப் போனது யாரு? இந்தக் குளிர்ல வெறுங்காலோட வந்து நிக்கிறியேன்னு திட்டினேனே."

மாலின் குனிந்து பார்த்தாள். வாசலிலிருந்து வெறுங்கால் தடங்கள் காட்டோரமாகச் சுற்றி அவள் வீட்டுப் பக்கம் போயிருந்தன. வெறுங்காலோடு வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

சட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அவள் வீட்டுக் கூரையில் புகை எழுந்துகொண்டிருந்தது. வெளித்தாழ் திறந்து கிடந்தது; கதவு உள்ளே தாழிட்டிருந்தது. குழந்தை அழவில்லை. தொட்டில் ஆடும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு கைகளாலும் கதவைத் தட்டினாள்.

தொட்டில் நின்றது. உள்ளேயிருந்து அவளுடைய குரலே கேட்டது.

"யாரது? நெருப்பு வேணுமா?"