பூட்டிய வீட்டில் ஈரம்

“ஏலே நாகேந்திரா, என் வீட்டுக்குள்ள ஈரப்பதம் எழுபதாயிருச்சுடா!”

பரமக்குடி ஏ.சி. ரிப்பேர் கடையில் சகாயவினோத் பதறிப்போய் கைபேசியை நீட்டினான். கூட்டாளி நாகேந்திரன் டீயை உறிஞ்சியபடியே எட்டிப் பார்த்தான்.

“ராமேஸ்வரம் பக்கமெல்லாம் மழை ஊத்துது. ஈரம் ஏறாம?”

“வெளிய ஊத்துனா ஊத்திட்டுப் போகுது. உள்ள ஏன்டா ஏறணும்? என் வீடு என்ன ஓலைக்கொட்டகையா?”

தங்கச்சிமடத்தில் அவன் கட்டி முடித்திருந்த புது வீடு அது. அடுத்த ஞாயிறு சர்ச் சாமியார் வந்து ஜெபம் செய்து மந்திரித்த பிறகுதான் குடிபோக வேண்டும். அதுவரை ஒருத்தரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் மனைவி ஆஸ்லினிடம் சாவியைக் கொடுத்திருந்தான்.

ஈரத்துக்கு அவன் இப்படிப் பதறக் காரணம், மகள் ஜெப்சி. கடற்கரைத் தெரு வாடகை வீட்டில் சுவரெல்லாம் உப்பு ஊறிக் கிடந்தது. உப்பு ஊறிய சுவர் காற்றில் இருக்கும் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் எண்பதைத் தொட்டால் அதில் பூசணம் படரும். பிள்ளைக்கு மூச்சு இளைப்பு வந்துவிட்டது. “மருந்து பாதிதான், மீதிப் பாதி வீடு” என்றார் டாக்டர். அந்த மீதிப் பாதியைத்தான் சகாயவினோத் பார்த்துப் பார்த்துக் கட்டினான். உப்பில்லாத மணல், சுவரைத் தொடாத அலமாரி, ஈரம் எழுபதைத் தொட்டால் இன்வெர்ட்டரில் தானாகவே ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன். கூடவே ஈரமும் சூடும் காட்டும் ஒரு சின்ன மீட்டர், எங்கிருந்தாலும் கைபேசியில் பார்த்துக்கொள்ள.

“எழுபத்தஞ்சு!” என்றான் இப்போது.

“ஜன்னல் தொறந்திருக்கும்டா.”

“தொறந்திருந்தா குளிர்காத்து வந்து சூடு இறங்கணும். இங்க பாரு, சூடும் சேர்ந்து ஏறுது.”

“அப்ப கூரை ஒழுகுது. அம்புட்டு பீத்துனியேடா!”

“வாயக் கழுவு. மழைத்தண்ணி சில்லுன்னு இருக்கும். அது காயும்போது இருக்கிற சூட்டையும் உறிஞ்சிக்கிரும். அப்பவும் இறங்கத்தான் செய்யும்.” கவலையிலும் சகாயவினோத்தால் விளக்காமல் இருக்க முடியவில்லை. “ஈரமும் சூடும் ஒண்ணா ஏறுதுன்னா, ஒண்ணு அடுப்பு எரியணும். இல்லைன்னா மூச்சு.”

“மூச்சா?”

“நாம விடுற மூச்சுல வெதுவெதுன்னு தண்ணி இருக்கு. கண்ணாடில ஊதிப் பாரு.”

நாகேந்திரன் கடைக் கண்ணாடியில் ஊதினான். வெள்ளையாகப் படிந்தது. “அட!” என்று சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். “அப்ப உன் பூட்டின வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்கன்னுல்ல அர்த்தம்?”

சகாயவினோத் உடனே ஆஸ்லினை அழைத்தான்.

“நீயும் பிள்ளையும் எங்கன இருக்கீங்க?”

“அதான் காலையிலேயே சொன்னேனே, பத்திரமா இருக்கோம்.”

“புது வீட்டுச் சாவி?”

“எங்கிட்டதான் இருக்கு.”

“அப்ப வீட்டுக்குள்ள யாரு?”

“யாரு... யாருமில்லையே.”

மறுமுனையில் ஓர் ஆண் இருமினான்.

“இருமுறது யாரு ஆஸ்லின்?”

நாகேந்திரன் டீக் கிளாஸைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

“எங்கிட்ட மறைக்காத. இங்க எழுபத்தெட்டு காட்டுது.”

“திட்டாதீங்க ஜெப்சி அப்பா...” அவள் குரல் உடைந்தது. “மத்தியானம் கடத்தண்ணி நம்ம தெருவுக்குள்ள ஏறிருச்சு. பள்ளிக்கூடத்துல இடமில்லைன்னுட்டாங்க. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு தெருக்காரவுகல்லாம் நனைஞ்சு நின்னாக. மனசு கேக்கல, கதவத் தொறந்துட்டேன். தெருவே இப்ப நம்ம வீட்டுக்குள்ளதான் இருக்கு. அம்பது பேரு. மந்திரிக்கிறதுக்கு முந்தி நீங்க சொன்ன சொல்ல மீறிட்டேன்.”

கைபேசியைத் தரையில் எறிந்துவிடுவானோ என்று நாகேந்திரன் பயந்தான். சகாயவினோத் திரையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

“ஜெப்சி?”

“இந்தக் கூட்டத்துக்கு நடுவுலதான் தூங்குறா.”

“இளைக்குதா?”

“இல்ல. சத்தமே இல்லாமத் தூங்குறா.”

எண் எழுபத்தொன்பதில் வந்து நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. சகாயவினோத் மெல்லத் தலை நிமிர்ந்தான். கடைக்கு வெளியே தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

“பாத்தியாடா நாகேந்திரா, அம்பது பேரு மூச்சு விட்டும் எண்பதத் தொடல, என் வீடு!”