கம்பியின் மறுமுனை

காலையில் வாஸ்கிதோ காபி கலந்தான், புறாவுக்குத் தினை போட்டான், மோடத்தை டயல் செய்யவிட்டான். இணைப்பு கிடைத்தது. ஆனால் கணினியின் லினக்ஸ் இயங்குதளம் எல்லாவற்றையும் தொலைபேசி இணைப்புக்குப் பதிலாக நெட்வொர்க் கார்டுக்கே அனுப்பியது. அதன் கம்பி பின்னறையில் மனைவி ரத்ரியின் கணினி இருந்த இடத்துக்குப் போகும். அவள் இறந்து நாற்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் அந்தக் கணினியை மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டான். கம்பியின் முனை வெறும் தரையில் கிடந்தது. ஆனாலும் அங்கிருந்து பதில் வந்துகொண்டிருந்தது.

மதியம் அவளுடைய மின்னஞ்சல் கணக்கை மூடிவிடுவார்கள். அவள் எழுதியதெல்லாம் அதில்தான் இருந்தது; அதற்குள் இணையத்தில் நுழைந்து இறக்கிக்கொள்ள வேண்டும்.

"கார்டைக் கழட்டுடா, மோடம் ஓடும்," என்றான் நண்பன் போவோ. "கல்யாணத்துக்கே நீ இவ்வளவு யோசிக்கலையே!"

கழற்றுவதற்குக் கணினியை அணைக்க வேண்டும். வாஸ்கிதோவின் விரல் பொத்தான்மேல் இருந்தது. சமையலுக்குச் சோயாவில் செய்த தெம்பே வாங்கக் கிளம்பி, திரும்பாமலே போன அன்று ரத்ரி கடைசியாகச் சொன்னது:

"அணைச்சிடாதீங்க, இதோ வந்துடறேன்."